அணைச்சுவருக்கு மேலும் கீழும்

அன்று அங்கே இருந்தவர்கள் இவ்வளவுதான்.

சுவருக்குக் கீழே: லோஜினி, கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை. சூறாவளி எச்சரிக்கையால் கடை பூட்டு. அவளுடைய அப்பா சின்னமுத்து, யார் சொல்லையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். சுவருக்கு மேலே: அஜந்தன், முல்லைத்தீவுக்காரன், பேராதனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், மேல் வீட்டுக்கு வாடகைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நடுவில்: அந்தச் சுவர். மேல் வீட்டு வளவின் மண் கீழ் வீட்டின் மேல் சரியாமல் பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டு ஆள் உயரக் கருங்கல் சுவர்.

அஜந்தன் தன் தகரக் கூரையில் நின்றான். கையில் ஒரு பழைய டயர் இருந்தது. பிறகு இல்லை.

டயர் கூரையில் உருண்டது. சுவரின் விளிம்பில் ஒரு குதி குதித்தது. லோஜினியின் பப்பாசி மரத்தை முறித்துக்கொண்டு அவள் காலடியில் வந்து விழுந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" லோஜினி கத்தினாள்.

"ஐயோ... குறை நினைக்காதேங்கோ. கை வழுக்கிட்டுது."

"முறிஞ்ச எலும்பைப் படம் பிடிக்கிற ஆளுனுதான் கேள்விப்பட்டேன். முறிச்சு விடுறதும் நீங்கதானா?"

"காத்து தகரத்தைத் தூக்கிப்போடும். அதுக்குத்தான் பாரம் வைக்கிறன். நீங்களும் வையுங்கோ."

"இது கண்டிங்க. கடல் எங்க இருக்குனு தெரியுமா?"

"எனக்குத் தெரியும். புயலுக்குத் தெரியாது எண்டுதான் பயம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் ஊரான அம்பிட்டிய முழுக்க அப்படித்தான் புயலை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்து போன பிறகு, சந்தியில் அரூஸ் நானாவின் கடையில் எல்லோரும் பாணும் மெழுகுதிரியும் வாங்கினார்கள், பண்டிகைக்கு வாங்குவது போல. மலைக்கு எந்தப் புயல் ஏறி வந்திருக்கிறது? இவன் மட்டும் கூரையில் ஏறி நின்று ஊருக்குப் பாடம் நடத்துகிறான்...

டயரை எடுக்க அவன் கீழே இறங்கி வந்தான். தூறலில் தலை நனைந்திருந்தது. இமைகளில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. அதற்குள்ளே இரண்டு கண்கள்... சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பார்த்தன. அவ்வளவுதான். அந்தக் கண்களைத் தான் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டதில் லோஜினிக்கு இன்னும் கோபம் வந்தது.

சுவரடியில் சின்னமுத்து சிமெந்து குழைத்துக்கொண்டிருந்தார். சுவரில் தண்ணீர் வடிவதற்கென்று வரிசையாக விட்ட குழாய் ஓட்டைகள். ஒவ்வொரு மாரியிலும் மேல் வளவுத் தண்ணீர் அதன் வழியாகக் கொட்டி அவருடைய குசினிக்குள், அடுப்படி வரை நுழையும். மேல் வீட்டுச் சொந்தக்காரரோடு அதற்காகப் பல வருடச் சண்டை. பெருமழை வருகிறதென்று கேட்டதும், சண்டைக்கு ஒரு முடிவு கட்ட அவர் தீர்மானித்துவிட்டார்.

"என்ன செய்யிறீங்கள், ஐயா?"

"ஓட்டைய அடைக்கிறேன். ஒங்க வீட்டுத் தண்ணி இனிமே ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்."

அஜந்தனுக்குக் காற்றைத் தெரியும். மண்ணைத் தெரியாது. நியாயம்தான் என்று பட்டது அவனுக்கு. பப்பாசி மரத்துக்குப் பிராயச்சித்தம் போல, சேட்டுக் கையை மடித்துவிட்டுச் சிமெந்து வாளியைத் தூக்கினான். லோஜினி பழைய துணிகளைச் சுருட்டிக் கொடுத்தாள். அவன் அவற்றை ஓட்டைக்குள் திணித்தான். சின்னமுத்து மேலே பூசினார்.

"தாங்கோ... இன்னும் ஒண்டு."

"அது என் நல்ல சட்டைங்க! கண்ணு தெரியலையா?"

"நல்ல சட்டையை ஏன் தந்தீங்கள்?"

"நீங்க கேட்ட அவசரத்துல..."

அவன் சிரித்தான். மூக்கில் சிமெந்து. லோஜினி சிரிக்காமலிருக்கப் படாத பாடுபட்டாள், முடியவில்லை. துணியை வாங்கும்போது அவன் விரல் பட்டது. மழை கொஞ்சம் பலத்தது. இருவரும் நனைந்தபடி நின்று, ஒரு மடத்தனத்தை ஒற்றுமையாகச் செய்து முடித்தார்கள்.

அவன் போன பிறகு சின்னமுத்து காறித் துப்பினார்.

"அவனோட என்னம்மா சிரிப்பு? மலைநாட்டு ஆளுங்க நம்மளத் தோட்டக்காட்டான்னு இளக்காரமாச் சொல்ற வடக்குக் கூட்டம் அது. வாளி தூக்க வருவான். சோத்துல கை நனைக்க வருவானா?"

"அவரு ஒண்ணும் அப்படிச் சொல்லலையே, அப்பா."

"சொல்லுவான். அதுக்குள்ள நீ வக்காலத்து வாங்குற."

மறுநாள் வானம் உடைந்தது.

காற்று அவ்வளவு இல்லை. அஜந்தனின் டயர்கள் கூரையில் சும்மா கிடந்தன. மழைதான்... நிறுத்தத் தெரியாத மழை. எதிர் மலை காணாமல் போயிற்று, பாதை காணாமல் போயிற்று. சந்தியில் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். கிராம சேவகர் ஆட்களைப் பாடசாலைக்குப் போகச் சொன்னார். அரூஸ் நானா தன் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, இறக்கிவிட்டு வந்தார்.

காலையிலேயே குசினி காய்ந்து கிடப்பதைப் பார்த்து சின்னமுத்து மகிழ்ந்துபோனார். "பாத்தியா? ஒரு சொட்டு வரல."

அப்போதுதான் அஜந்தன் சறுக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"லோஜினி! என்ர வீட்டு முத்தத்தில முழங்கால் அளவுக்குத் தண்ணி. இவ்வளவு நேரம் நிண்டு பாத்தன், அது எங்கயும் போகேல்ல..."

எங்கேயும் போகவில்லை. அவள் சுவரைப் பார்த்தாள். நேற்றுப் பூசிய சிமெந்து, துடைத்து வைத்தது போல. இந்த மழையில், அந்தச் சுவரிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அவ்வளவு தண்ணீரும் உள்ளே, மண்ணோடு மண்ணாக, சுவரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கற்கள் வயிறு தள்ளியிருந்தன. நேற்று அப்படி இல்லை.

அவள் கையை நீட்டிக் கத்தினாள்.

"அலவாங்கு! அந்தா, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல!"

அவன் இரும்பு அலவாங்கை எடுத்துவந்து சிமெந்தில் குத்தினான். அது இறுகிப் பிடித்துப் போயிருந்தது. மாற்றி மாற்றிக் குத்தினார்கள். ஒரு ஓட்டை திறந்தது. சேற்றுத் தண்ணீர் அவன் நெஞ்சில் அறைந்தது. கூடவே, மேலே எங்கோ கல்லும் கல்லும் உரசும் சத்தம்.

"காணும். விடுங்கோ," என்றான். "இனித் தொட்டால் எங்கட தலையிலதான் விழும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ."

சின்னமுத்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நா வரல."

"அப்பா, சுவர் வருது!"

"வராது. நேத்து வாளி தூக்கிக் குடுத்தவன் இன்னைக்கு இடிக்கிறான். அந்த மேல் வீட்டுக்காரன் பேச்சக் கேட்டு என் வீட்ட விட்டுப் போவேனா? போனா திரும்பி வரவிடுவானா?"

"நான் வாடகைக்கு இருக்கிறவன், ஐயா. எழும்புங்கோ."

"எந்திரிக்க மாட்டேன். நீ யாருய்யா எனக்குச் சொல்ல?"

அஜந்தன் அவர் கையைப் பிடித்தான். அவர் உதறினார். லோஜினி அழுதாள், கும்பிட்டாள், திட்டினாள். பாதையில் வேனின் ஹோர்ன் விடாமல் அடித்தது. அரூஸ் நானாவின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது: "சின்னமுத்தண்ணே! இதுக்கு மேல பாதை தாங்காது, நான் எடுக்கணும்!"

சின்னமுத்து காதைச் சொறிந்தார்.

லோஜினி முற்றத்துக்கு ஓடினாள். அஜந்தன் பின்னாலேயே வந்தான்.

"எல்லாம் உங்களால!" என்று அவன் மேல் பாய்ந்தாள். "வாளியத் தூக்கச் சொல்லி உங்களை யாரு கேட்டா?"

"துணி தந்தது ஆர்? நீங்கள்தானே?"

"நீங்க சிரிச்சீங்க!"

"சிரிச்சால் குற்றமோ?"

"ஆமா, குற்றம்தான்!"

மூச்சு வாங்க நின்றார்கள். அவன் கண்களில் மழை வழிந்தது. பயம் இருந்தது அந்தக் கண்களில்... அவனுக்காக இல்லை. ஓட வழி இருந்தும் ஓடாமல் நிற்கிறான், நேற்று முன்தினம் வரை முகமே தெரியாத ஒருத்தி வீட்டு முற்றத்தில்.

கெஞ்சல் அப்பாவை அசைத்ததில்லை, பயமும் அசைத்ததில்லை. பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது ஒன்றுதான். அப்பாவைக் கதிரையிலிருந்து எழுப்புவது கோபம் மட்டும்தான்.

லோஜினி கதவுப் பக்கம் திரும்பி, மழைக்கு மேலால் கத்தினாள்.

"பாத்த நேரத்துலயிருந்து உங்க மேல கோபம்தாங்க எனக்கு! டயர் விழுந்தப்ப கோபம். சிமெந்து மூக்கோட சிரிச்சீங்களே, அதுக்கு அதவிடக் கோபம். தூங்க விடல அந்தச் சிரிப்பு! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... கேக்குதா? பிடிச்சிருக்கு! கட்டினா உங்களைத்தான் கட்டுவேன். எங்கப்பா இங்கயே உக்காந்து கிடக்கட்டும். நா இப்பவே உங்களோட வேன்ல ஏறி முல்லைத்தீவுக்கு வந்துர்றேன்!"

அஜந்தன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

உள்ளே கதிரை விழுந்தது.

"என்னடி சொன்ன?" சின்னமுத்து செருப்பில்லாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். "யாரக் கேட்டுடி? டேய், நீ அவகிட்ட என்னடா சொன்ன? வேன்ல ஏறுவீங்களா? எவன் வேன்ல? அரூசு! அந்த வேன எடுக்காத! நானும் வாரேன், எப்படி ஏத்துறனு பாக்குறேன்!"

படியில் இறங்கிவிட்டார். முற்றத்தைக் கடந்துவிட்டார். பாதைக்கு ஏறும்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. திரும்பினார்.

அதற்குள் லோஜினி வாசற்படியில் நின்றாள்.

அஜந்தன் பக்கத்தில் வந்தான். "அவரை வெளியில எடுக்கத்தானே அப்பிடிச் சொன்னீங்கள்?"

சுவரில் மறுபடி கல் உரசியது. நேரமில்லை. ஆனாலும் அவள் அவனை ஒரு தரம் நேராகப் பார்த்தாள், முறைத்தபடியே.

"சத்தமாச் சொன்னது அதுக்குத்தான். இல்லாட்டி... மெதுவாச் சொல்லியிருப்பேன்."

பாதையில் நின்று "கதவப் பூட்டாதடி!" என்று கத்தும் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லோஜினி கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, சாவியை உருவினாள்.