பட்டினி போட்ட சேறு

கழிவுநீர் நிலையத்தில் காலையில் வந்து இறங்கியதுமே எரிச்சல்தான். கேட்டைத் திறக்க ஆளில்லை. பம்பு அறையில் விளக்கு எரியவில்லை. சேற்றைக் கொட்ட இனி இடமில்லை என்று குப்பைக் கிடங்கு கைவிரித்துவிட்டது. இந்த வாரத்துக்குள் சேற்றைக் குறைக்காவிட்டால் என் வேலைக்கு வேட்டு.

வழி தெரியாமல் இல்லை. கழிவுநீரைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள்தான் அந்தச் சேறு. தனித் தொட்டியில் அடைத்து, கழிவுநீர் விடாமல் காற்றை மட்டும் ஊதினால், பசியில் ஒன்றையொன்று தின்று குறையும். வால்வை மூடிப் பட்டினி போட்டேன்.

குறையவில்லை. கண்ணாடி ஜாடியில் மொண்டு தெளியவைத்துப் பார்க்கும்போதெல்லாம் சேறு முன்னைவிட ஏறியே நின்றது.

“இதுக்கு யாருண்ணே சோறு போடுறா?” என்று ஆபரேட்டரிடம் கத்தினேன். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ‘மோட்டார்’ என்று பெயர். அன்று தணிந்த குரலில்தான் பேசினார்.

“சார், காத்தை நிறுத்தினா அது மூச்சு விடுது. பசி சார் அதுக்கு. கொஞ்சம் திறந்து விடலாம்.”

“இருக்கிற தலைவலி போதாதுன்னு பேய்க்கதை வேறயா!”

ஆத்திரத்தில் நானே காற்று ஊதும் இயந்திரத்தை நிறுத்தினேன்.

இரைச்சல் அடங்கியது.

தொட்டியின் அடியிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

பிறகு இன்னொன்று.

வெறும் குமிழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. வீம்புக்கு வால்வை இன்னும் இறுக்கிவிட்டுப் போனேன்.

மறுநாள் ஜாடியில் தெளிந்த நீர் மட்டுமே இருந்தது. தொட்டியிலும் துளிச் சேறு இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மோட்டார் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழவழவென்று ஒரு கறுப்புத் தடம். ஊரின் கழிவுநீர் வந்து சேரும் பெரிய குழாய்க்குள், ஓட்டத்துக்கு எதிராக, வீடுகளை நோக்கி அது ஏறிப் போயிருந்தது.

“சாப்பாடு வர்ற வழியைத் தேடிப் போயிடுச்சு சார்,” என்று கிசுகிசுத்தார்.

என் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, பாத்ரூம் தண்ணி போற ஓட்டையில என்னமோ சத்தம் கேக்குது.”

“பாப்பா எங்க?”

“உள்ளதான் குளிக்கிறா. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா.”

“கதவை உடை!”

அவள் கதவைத் தட்டுவது கேட்டது. அதன் பின்னால் என் மகளின் குரல், கொஞ்சமும் பயமில்லாமல்.

“இரும்மா. இதுக்கு ரொம்பப் பசிக்குதாம்.”