தேற்றும் அறை

"சித்தி, ஒன் பசி எங்க போச்சு?"

இமா அப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனை முடிந்து வந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது. அஃபியோங்கின் தட்டில் கொஞ்சம் இடித்த கிழங்கும் கீரைக் குழம்பும் இருந்தன. அவள் அதைத் தொடாமல் தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளையின் கேள்விக்கு அவள் சிரித்தாள். போனால் போகட்டும், நல்ல இடமாகப் பார்த்துத்தான் போயிருக்கும் என்றாள். பிள்ளை சிரிக்கவில்லை. வீட்டின் பின்பக்கம் சாத்திக் கிடந்த அறையை நோக்கித் தலையைத் திருப்பி, காது கொடுத்துக் கேட்டது. அஃபியோங்கும் கேட்டாள். காலிச் சட்டியின் அடியை யாரோ கரண்டியால் சுரண்டும் சத்தம்.

எலி என்று நினைத்தாள். அவர்கள் ஊரான காலபாரில் மழை பிடித்துக்கொண்டால் எலிகள் வீட்டுக்குள் வந்துவிடும். எலி கரண்டி பிடிக்காது என்பது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

அந்தப் பின்னறைதான் அவர்கள் குடும்பத்தின் தேற்றும் அறை. கனத்த மண்சுவர், ஒரே ஒரு சின்ன ஜன்னல், நடுவில் அகலமான கட்டில். கல்யாணம் நிச்சயமான பெண்ணை அதற்குள் வைத்து, ஒரு வேலையும் வாங்காமல், வெயில் காட்டாமல், வேளை தவறாமல் மீனும் கிழங்கும் ஊட்டி, செம்பனை எண்ணெய் தேய்த்து நீவி, வெள்ளைச் சுண்ணத்தால் மேலெல்லாம் கோலம் எழுதி, கொண்டையில் பித்தளைச் சீப்புகள் செருகி, உடம்பைத் தேற்றி வெளியே அனுப்புவார்கள். பெண் பூரித்து வந்தால்தான் பெற்றவர்களுக்குப் பெருமை. அஃபியோங்கின் தாய் அங்கேதான் தேறினாள். அக்காவும் அங்கேதான். அந்த அக்கா இமாவைப் பெற்றுவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் பிள்ளை சித்தியின் கையில் வளர்ந்தது.

அஃபியோங் கல்யாண அங்கி தைப்பவள். தரையைத் துடைத்துக்கொண்டு போகும் வெல்வெட் அங்கிகளுக்கு அவள் கைதான் என்று ஊரில் பெயர். தாயின் உடம்பு அவளுக்கு. அவள் நடந்தால் சந்தை வழிவிடும். அவளை மணக்க இருந்த அசுக்வோ ஆசைப்பட்டதும் அந்த உடம்பைப் பார்த்துத்தான். தூரத்து லாகோஸ் நகரத்தில் பெரிய வேலை கிடைத்த பிறகு அவன் கண் மாறிவிட்டது. அவனுடைய அக்கா எமெம் அங்கே அழகு நிலையம் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது காலபாரிலும் ஒன்று திறந்திருந்தாள். பரிசம் பேச வந்த அன்றே அவள் அஃபியோங்கை மேலும் கீழும் பார்த்தாள்.

"போட்டோவுல ரெண்டு ஆளு நிக்கணும் தங்கச்சி. ஒரு ஆளும் ஒரு வீடும் நிக்கக் கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். அசுக்வோவும் சிரித்தான். அஃபியோங்கும்தான் சிரித்தாள். பின்னாளில் அவளுக்கு ஆறாத கோபம் அந்தத் தன் சிரிப்பின் மேல்தான்.

உடம்பு இளைப்பதற்கென்று எமெம் பேனா போன்ற ஊசிகளைப் பனிப்பெட்டியில் கொண்டுவந்தாள். கரண்ட் நிலையில்லாத ஊரில் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அந்த அறை என்பதால் பெட்டியை அங்கே வைத்தார்கள். ஞாயிறுதோறும் மணப்பெண் கட்டிலின் ஓரத்தில் அவளை உட்காரவைத்து, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, எமெம் குத்தினாள். எத்தனையோ பெண்கள் தேறின கட்டில். அதில் உட்கார்ந்து தேயத் தொடங்கியவள் அஃபியோங் ஒருத்திதான்.

முதலில் குமட்டல். பிறகு ஓர் அமைதி. நாளெல்லாம் அடுத்த வேளையைப் பற்றித் தலைக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த குரல் ஒரு நாள் நின்றுபோனது, ஓயாமல் குரைத்த நாயை யாரோ அவிழ்த்துக்கொண்டு போனதுபோல. அது விடுதலை என்று அவள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். காலையில் விழுங்கிய ஒரு வாய் மறுநாள் காலையிலும் நெஞ்சுக்குக் கீழே கல்லாகக் கிடந்தது. ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை நாறியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. கொழுப்போடு சதைப்பிடிப்பும் கரைந்து, ஒரு கையால் தூக்கும் துணி உருளையை இரு கையாலும் தூக்க முடியவில்லை. கன்னம் தொங்கியது. கோயில் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள். இத்தனை வருஷம் அவள் தைத்துக் கொடுத்ததை உடுத்திக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாத வாய்கள், அவள் குறைந்ததைப் பாராட்டின. அவள் முதலில் மகிழ்ந்தாள், பிறகு பொறுத்தாள், பிறகு அந்த வாய்களை வெறுத்தாள்.

பக்கத்து வீட்டு எக்கெய் அம்மா மட்டும் பாராட்டவில்லை. சர்க்கரை நோய்க்காரியான அவளும் அதே மருந்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை இறங்கி, ஆறாத கால்புண் ஆறி, இப்போது மறுபடி பாடற்குழுவில் நின்று பாடுகிறாள். மருந்தின் மேல் பழி போடாதே என்றாள். "எனக்கு டாக்டர் அளந்து குடுக்கிறாரு மகளே, மாசா மாசம் பாக்குறாரு. ஒனக்கு யாரு அளக்குறா?" அஃபியோங்குக்கு அளந்தது கல்யாணத் தேதி. தேதி நெருங்க நெருங்க எமெம் பேனாவின் அளவுத் திருகைக் கூட்டிக்கொண்டே போனாள்.

மழை தொடங்கியதும் பின்னறை ஒழுகியது. பனிப்பெட்டி முன்னறைக்கு வந்தது, ஊசியும் முன்னறையிலேயே நடந்தது. பின்னறைக் கதவை அஃபியோங் ஒருக்களித்துத் திறப்பது குப்பையை உள்ளே தள்ளத்தான். உதிர்ந்த முடியை வெளியே எறிய அவர்கள் வீட்டில் யாரும் துணிய மாட்டார்கள். எவன் கையில் சிக்கி என்ன ஆகுமோ என்ற பயம். ஆகவே முடியை ஒரு பையில் கட்டி இருட்டுக்குள் வைத்தாள். இளைத்த உடம்புக்குத் தன் உடைகளைப் பிடித்துப் பிடித்து வெட்டியெடுத்த துணிப் பட்டைகளையும் அங்கேயே போட்டாள். நீல வெல்வெட், பச்சைப் பட்டு, தாயின் சிவப்பு உடுதுணியில் ஒரு கை அகலம். அடுத்த முறை திறந்தபோது பை இல்லை. துணியும் இல்லை. ஒழுகும் அறையில் ஈர நாற்றம் அடிக்க வேண்டும். அடித்ததோ, சூடான எண்ணெயும் புதுச் சுண்ணமும் கலந்த வாசம். யாரோ இப்போதுதான் நீவிவிட்டுப் போன உடம்பின் வாசம்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, எலி இழுத்துப் போயிருக்கும் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு இமாவுக்கு ஒரு கவுன் தைக்க வேண்டியிருந்தது. மேகம் கவிந்த ஒரு ஞாயிறு சாயங்காலம் பிள்ளையை நிற்கவைத்து மார்பைச் சுற்றி நாடாவை ஓட்டினாள். நாடா மிஞ்சியது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் மிஞ்சியது. அப்போதுதான் கண்ணால் பார்த்தாள். சட்டைக்குள் விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. முழங்கை மூட்டு வீங்கியதுபோல் இருந்தது, அதற்கு மேலும் கீழும் சதை இல்லாததால்.

கடைசியாக அடுப்பு மூட்டியது எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. வீட்டில் பசி இருந்தவரை அதுதான் கடிகாரம். தனக்குப் பசித்ததால்தான் பிள்ளைக்குப் பசிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 'இன்றைக்குத் தேவையான அப்பத்தைத் தாரும்' என்று இரவுதோறும் பிள்ளையோடு முழங்காலிட்டு வேண்டியவள், கேட்ட அப்பத்தைப் பிள்ளைக்குத் தர மறந்திருந்தாள்.

ஆனாலும் சில நாளாவது ஏதாவது கொடுத்திருக்கிறாளே. ரொட்டி. வாழைக்காய். அதெல்லாம் எங்கே போனது என்று கேட்டாள்.

"நான் பாதிதான் தின்பேன். பாதி அவங்களுக்கு."

"எவங்களுக்கு?"

"உள்ள இருக்குற சித்திக்கு. அவங்க ரொம்பப் பசிக்குதுன்னு அழுவுறாங்க."

இமா வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தது. அஃபியோங் அதை மெல்ல முன்னால் இழுத்தாள். மணிக்கட்டில் வளையல்போல் சுற்றிலும் ஒரு தடம். பல்லின் தடம். ரத்தமில்லை, காயமில்லை. பல் பதிந்த இடத்தில் சதை மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு பல்லுக்கான இடைவெளி. அஃபியோங்கின் நாக்கு தானாகப் போய்த் தன் மேல்வாயில் எப்போதோ விழுந்த பல்லின் குழியைத் தொட்டது.

"நேத்து வீட்டுல ஒண்ணும் இல்ல சித்தி. அதான் கையக் குடுத்தேன். வலிக்கல."

வாசலில் வண்டி நின்றது. எமெம் அடுத்த ஊசியோடு வந்திருந்தாள். இதுதான் கடைசி, கல்யாணத்துக்கு முன் ஒரு நல்ல அழுத்து அழுத்திவிடுவோம் என்று பேசிக்கொண்டே பனிப்பெட்டியைத் திறந்தாள். முன்னறையில் பிள்ளை நிற்பதால் பின்னறைக்குப் போகலாம் என்று அவளே நடந்து, கதவைத் தள்ளினாள். தோளால் தள்ளினாள். திரும்பி வந்து அலுத்துக்கொண்டாள்.

"உள்ளேருந்து தாழ்ப்பா போட்டிருக்கு. யாரும்மா உள்ள?"

கையிலிருந்த நாடாவை அஃபியோங் கீழே போட்டாள். எமெமின் கையிலிருந்து ஊசிப் பேனாவை வாங்கினாள். தரையில் வைத்து, செருப்புக் காலால் மிதித்து, நசுங்கும் வரை மிதித்தாள். மருந்து சொட்டாகக் கசிந்தது. எமெம் கத்தவில்லை. அலைபேசியில் தம்பியை அழைத்து அஃபியோங்கின் காதருகே நீட்டினாள். அசுக்வோ பொறுமையாகத்தான் பேசினான், இன்னும் கொஞ்ச நாள்தானே என்றான்.

"கல்யாணத்துக்கு நான் வரணுமா, என் இடுப்பு வரணுமா?"

போட்டோக்காரனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்றான் அவன். அந்தப் பதில் போதும். எமெமிடம் அவள் அலைபேசியைத் திருப்பிக் கொடுத்து, மழை வலுப்பதற்குள் வீடு போய்ச் சேருங்கள் என்று மரியாதையாகவே சொன்னாள். குடையும் எடுத்துக் கொடுத்தாள். தாய் பழக்கின பழக்கம், கோபத்திலும் கை அதைச் செய்தது.

பிறகு அடுப்பு மூட்டினாள்.

சேப்பங்கிழங்கைச் சீவித் துருவினாள். மாவை இலையில் சுருட்டிச் சுருட்டிப் பெரிய பானையில் அடுக்கினாள். கருவாடு, நத்தை, இறால் தூள், மிளகாய், மேலே சிவக்கச் சிவக்கப் பனையெண்ணெய். ஆவி எழுந்ததும் அவளுக்கு வாந்தி முட்டியது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு கிளறினாள். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது. கரண்ட் போனது. அந்த இருட்டில், பானை கொதிக்கும் சத்தத்துக்கு அடியில், பின்னறைப் பக்கமிருந்து இன்னொரு கொதிப்புச் சத்தம் கேட்டது. காலி வயிறு இரையும் சத்தம். ஒரு மனித வயிற்றுக்கு அது மிகப் பெரியது.

முதல் தட்டைத் தளும்ப நிரப்பினாள். அவள் தாய் ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் சமைத்த முதல் தட்டைப் பசித்த யாருக்காவது அனுப்பிய பிறகே பெண்ணுக்குப் பரிமாறுவாள். இமாவைச் சாக்கால் போர்த்தி, தட்டோடு எக்கெய் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனாள். முழுவதும் நீதான் சாப்பிட வேண்டும், ஒரு வாய்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது, இன்று இங்கேயே படுத்துக்கொள் என்றாள். எக்கெய் அம்மா பிள்ளையின் கையைப் பார்த்தாள், அஃபியோங்கின் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீ சாப்பிடலையா சித்தி?"

"அவங்களுக்குக் குடுத்துட்டு வரேன்."

வீடு திரும்பினாள். பானையை இடுப்பில் ஏந்தினாள். இன்னொரு கையில் அரிக்கேன் விளக்கு. பின்னறைக் கதவின் முன் நின்றபோது உள்ளே இரைச்சல் நின்றது. தாழ்ப்பாள் மெல்ல விலகும் ஓசை.

கதவு திறந்தது.

சூடு. எண்ணெய் வாசம். சுண்ண வாசம். அந்த அறைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, உள்ளே வைத்ததை வளர்ப்பது. ஊசி குத்தின ஒவ்வொரு ஞாயிறும் அவளிடமிருந்து கழன்றதையெல்லாம் அது வளர்த்திருந்தது.

கட்டில் நிறைய உட்கார்ந்திருந்தாள் மணப்பெண். அகன்ற தோள். மடிப்பு மடிப்பாகக் கழுத்து. பளபளக்கும் கறுப்பு உடம்பெங்கும் வெள்ளைச் சுண்ணக் கோலம். நீலமும் பச்சையும் சிவப்புமாகப் பட்டைகளைக் கோத்த அங்கி, ஒவ்வொரு தையலும் பல்லால் கடித்து முடிந்தது. உதிர்ந்த முடியெல்லாம் கொண்டையாகி, அதில் தாயின் பித்தளைச் சீப்புகள். தொங்காத கன்னம். அஃபியோங்கின் முகம். அவள் தொலைத்த முகம்.

அழகாக இருந்தாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

திட்டுவதற்கென்று அஃபியோங் வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தாள். பிள்ளையின் கையைக் கடித்தாயே என்று கேட்கத்தான் வந்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. போட்டோவுக்காகத் தன்னிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது அவள்தான். உள்ளே இருந்தவள் அழுதபோது எலி என்றது அவள்தான். அழுகையைக் கேட்டு ஊட்டியது, தானே பட்டினி கிடந்த ஒரு சின்னப் பிள்ளை.

பானையை வைத்து, கவளம் எடுத்து நீட்டினாள். வாய் திறந்தது. மூடியது. திறந்தது. அவள் ஊட்டினாள். இலையோடு விழுங்கினாள் மணப்பெண். நத்தையை ஓட்டோடு. கை சுடச் சுட ஊட்டினாள். எண்ணெய் சொட்டியது. சுண்ணக் கோலம் கரைந்தது. கரண்டி அடியில் தட்டியது.

சுரண்டினாள்.

பானை காலி.

வாய் திறந்தே இருந்தது.

மழைச் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டு மெல்லக் கேட்டது. எக்கெய் அம்மா பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். வயிறு நிறைந்த பிள்ளை தூங்கும். நாளைக்கு எழும். நாளைக்கு மறுபடி இந்தக் கதவைத் தட்டும், பாதி ரொட்டியோடு. ரொட்டி இல்லாவிட்டால் கையோடு.

அஃபியோங் எழுந்து போய்க் கதவை உள்ளே தாழிட்டாள். விளக்கைத் தரையில் வைத்தாள். கட்டிலில், தன் பழைய இடத்தில், அந்தப் பெரிய சூடான உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இமா கொடுத்ததை இனி அவள்தான் கொடுக்க வேண்டும். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தாள். மணிக்கட்டை நீட்டினாள்.

பற்கள் பதிந்தன.

வலிக்கவில்லை. பிள்ளை சொன்னது சரிதான்.

அடிவயிற்றில் ஏதோ அசைந்தது. இத்தனை மாதமாகக் கல்லாகக் கிடந்தது உருகியது. எச்சில் ஊறியது. அவிழ்த்துக்கொண்டு போன நாய் ஓடி வந்து வாசலில் நின்றது.

அஃபியோங்குக்குப் பசித்தது.

எதிரே, எண்ணெயில் மின்னும் அந்த அகன்ற தோள். அவள் தன் வாயையும் திறந்தாள்.