வீட்டுக்கு ஓர் ஆள்

அலீனா பகடையை உருட்டினாள். அது நின்றதும் சமையலறைக்குள் யாரோ பெருமூச்சு விட்டது சகாயத்துக்குக் கேட்டது. வீட்டில் இருந்த மூன்று பேருமே முன்னறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனதிலிருந்து எஸ்டேட்டில் பாதி நாள் வேலை இல்லை. ஊட்டி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த மகள் அலீனா, தோழியிடம் இரவல் வாங்கிய விளையாட்டை விரித்திருந்தாள். மந்திரவாதிகளும் டிராகன்களும் திரியும் ராஜ்யமாம். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி ஆட வேண்டுமாம். அவர் மனைவி பிலோமினா சூனியக்காரி ஆகிவிட்டாள். புதிதாக ஆக என்ன இருக்கிறது என்று சகாயம் கிண்டலடித்தார். அவருக்கோ வாள் தூக்கக்கூடத் தெம்பில்லை.

"எனக்கு ஒரு சாதாரண ஊர்க்காரன் போதும் கண்ணு."

"சரிங்கப்பா. அவன் எப்படிப்பட்டவன்?"

"அலுப்பே தெரியாதவன். கொட்டுற மழையிலயும் கொழுந்து பறிப்பான். கூப்பிட்ட உடனே போய் நிப்பான்."

"அவனுக்கு ஊடு?"

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு வேறெந்த வீடு நினைவுக்கு வரும்? "இந்த ஊடுதான்னு வெச்சுக்க."

பிலோமினாவின் முகம் சுருங்கியது. "ஏனுங்க, விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. விடியலில் எஸ்டேட் மேஸ்திரி தங்கவேலு வாசல் வாசலாக வந்து குரல் கொடுப்பார். வீட்டுக்கு ஓர் ஆளுக்குத்தான் வேலை. முதலில் யார் பதில் சொல்கிறாரோ அவர்தான் அந்த வீட்டு ஆள். வேலையும் வீடும் அவருக்கே. சகாயம் சிரித்து மழுப்பிவிட்டுப் படுத்தார்.

விழிப்பு வந்தபோது இன்னும் விடியவில்லை. தகரக் கூரையில் மழை ஓயாமல் இரைய, சுவரின் ஈரவாடையோடு அப்போதுதான் கிள்ளிய கொழுந்தின் பச்சை வாசமும் சமையலறையிலிருந்து மெல்லக் கசிந்து வந்து போர்வைக்குள் புகுந்தது. வீட்டுக்குள் ஈரக் காலடி ஓசை கேட்டது. பிலோமினாவாக இருக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள்.

"ஏழாம் நம்பர்! யாரு வர்றீங்க?"

சகாயம் எழுந்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பிடித்து நடந்தார். கதவைத் திறந்தார். மூடுபனி. எதிரே மேஸ்திரி. வாயைத் திறந்தார்.

"நான் இருக்கேனுங்க."

அவர் குரலேதான். ஆனால் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

தங்கவேலு அவரைத் தாண்டி உள்ளே பார்த்தார். "டீயைக் குடிச்சுட்டு வா, சகாயம்."

சகாயம் திரும்பினார். சமையலறையில் ஓர் ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு. தூக்கம் கலைந்து எழுந்துபோன பிலோமினா அவன் இடுப்பில் கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டும் சாக்கைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அலீனா கண்ணைக் கசக்கியபடி வாசலுக்கு வந்தாள்.

"கண்ணு..."

மகள் மிரண்டு பின்வாங்கினாள். "யாருங்க நீங்க? அப்பா! இங்க வாங்க, யாரோ நிக்கறாங்க!"

அந்த ஆள் திரும்பினான். விளையாட்டில் அவனுக்கு முகம் எப்படி இருக்கும் என்று யாருமே கேட்கவில்லை. கண் இல்லை. வாய் இல்லை. அந்த வழவழப்பில் வழிந்த மழைநீரை, பிலோமினா முந்தானையால் அன்பாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.