இன்று வரை பணியில்

ஆற்றங்கரைச் சாலையில் இருந்த சாயத் தொழிற்சாலை சென்ற ஆண்டு மார்ச் பதினொன்றாம் தேதி மூடப்பட்டது. அன்று மாலை ஐந்து மணிக்கு மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன.

இந்த ஆண்டு மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கணவர் வேலைக்குப் போன பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். வேலை தேடுகிறவர்கள் தங்களைப் பற்றி எழுதி வைக்கும் அந்த இணையதளம் அவளை வாழ்த்தியது. ‘நேற்று நாற்பத்தோரு மாதிரிகளைச் சரிபார்த்திருக்கிறீர்கள். அருமை!’

நேற்று அவள் சரிபார்த்தது இரண்டு வாளித் துணி. அதுவும் காய்ந்துவிட்டதா என்று.

எரிச்சலாக வந்தது. இரண்டு மாதமாக அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். படம் பழையது என்றது, மாற்றினாள். சுயவிவரம் நீளம் என்றது, வெட்டினாள். வெட்டியதும் போதாது என்றது. அந்தச் சாயத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டு ஷேடு பார்த்தவள் அவள். வாடிக்கையாளர் அனுப்பிய துணியையும் புதிதாகச் சாயமேற்றிய துணியையும் விளக்குப் பெட்டிக்குள் அருகருகே வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டும் ஒரே நிறம்தானா என்று சொல்லும் வேலை. பகல் வெளிச்சத்தில் ஒன்றாக இருக்கும் துணிகள் மஞ்சள் விளக்கில் பல்லிளிக்கும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. தொழிற்சாலையில் அவள் பெயரே எக்ஸ்ரே. ஆனால் போன வாரம் துணிக்கடையில் இரண்டு கறுப்புகளுக்கு வித்தியாசம் தெரியாமல் திகைத்து நின்றாள். இன்னும் ஓர் ஆண்டு சும்மா உட்கார்ந்தால் கண் போய்விடும். கண் போனால் அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஆள் எடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நாத்தனார்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தைச் சீர்செய்து கொடுத்தாள்.

“என்ன அண்ணி இந்த போட்டோ, காணாமப் போனவங்க அறிவிப்பு மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரிங்க.”

“சிரிச்சா பல்லு தெரியுது.”

“தெரியட்டும். ‘ஷேடு பார்ப்பவர்’னு வேற போட்டிருக்கீங்க, ஜன்னல் திரை விக்கிறீங்கன்னு நெனைச்சுக்குவாங்க. ‘நிறத் தர வல்லுநர்’னு மாத்துறேன். வேலைய விட்ட தேதிய எடுத்துட்டு ‘இன்று வரை’ன்னு டிக் பண்ணுங்க.”

“மூடின கம்பெனியில எப்படிம்மா இன்று வரை?”

“பதினாலு மாசம் வீட்ல இருந்தேன்னு சொன்னா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. வேலையில இருக்கறவங்களுக்குத்தான் அண்ணி வேலை. இது பொய் இல்ல, மேக்கப்.”

டிக் செய்திருந்தாள். இப்போது அதை எடுத்துவிட்டு மார்ச் பதினொன்று என்று அடித்தாள். ‘இந்தத் தேதிக்குப் பிறகும் நீங்கள் பணியில் இருந்ததாகப் பதிவு உள்ளது’ என்றது பக்கம். மறுபடி அடித்தாள். மறுபடி அதே பதில். ஐந்தாவது முறை மடிக்கணினியை அறைந்து மூடினாள்.

புதன்கிழமை, நாற்பத்தேழு மாதிரிகள் என்றது பக்கம். அன்று மதியம் பாத்திரம் கழுவும்போது சமையலறையில் புளித்த அமில வாடை அடித்தது, சாயத்தொட்டிகளின் வாடை. குழாயடியில் முகர்ந்தாள், சாக்கடைத் துளையில் முகர்ந்தாள், கடைசியில் தன் கையை முகர்ந்தாள். நகக்கண்களில் நீலம். எத்தனை தேய்த்தும் போகவில்லை.

வியாழக்கிழமை காலை ஒரு புதிய ஆலையிலிருந்து போன் வந்தது.

“நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ மேடம், வந்துருவீங்கல்ல? நேத்தே உங்க கம்பெனி லேப் நம்பருக்குக் கூப்பிட்டேன். கையில வேலை இருக்குன்னு நீங்க வெச்சுட்டீங்க.”

“நானா?”

“நீங்கதான் மேடம். இதே குரல். பின்னாடி ஏதோ ரீங்காரம் வேற.”

நாத்தனாரைக் கூப்பிட்டாள். “அந்த நம்பரை வேற யாராவது வாங்கியிருப்பாங்க அண்ணி. நீங்க நாளைக்கு எதப் போட்டுக்கிட்டுப் போறதுன்னு யோசிங்க” என்று அவள் வைத்துவிட்டாள்.

யோசிக்க முடியவில்லை. நாளைக்கு எதிரில் உட்கார்ந்து, எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால்? தொழிற்சாலையை நேரில் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டால் மனம் அடங்கும்.

மூன்று மணி வெயிலில் பஸ் அவளை ஆற்றங்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போனது. கேட் ஒற்றைக் கீலில் தொங்கியது. நடைகூடம் நெடுகச் சுவரில் உப்புப் பூத்திருந்தது; புறா எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த நெடிக்கு அடியில் மெல்லிய நூலாக அந்த அமில வாடை ஓடியது; அவளுடைய செருப்புச் சத்தம் அவளுக்கு முன்னால் போய், கடைசி வளைவில் எதிலோ மோதி, ஒரு நொடி பிந்தித் திரும்பி வந்தது. ஆய்வுக்கூடக் கதவில் சங்கிலியும் துருப்பிடித்த பூட்டும். கதவின் மேல்பாதி கண்ணாடி.

உள்ளே ரீங்காரம்.

கண்ணாடியைக் கையால் துடைத்தாள். விளக்குப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சட்டை. இப்போது அவள் போட்டிருந்த அதே சட்டை. காலரில் தையல் விட்ட இடம் உட்பட.

டக். வெள்ளை வெளிச்சம். டக். மஞ்சள்.

அந்தப் பெண் எழுந்தாள். திரும்பினாள். பல் தெரியச் சிரித்தாள்.

கண்ணாடி அருகே வந்து தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். பதினோரு ஆண்டு அவள் துணிகளைப் பார்த்த பார்வை அது. இப்போது அவள்மேல்.

டக். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம் வெள்ளையானது. இருவரும் ஒன்று.

டக். மஞ்சள்.

கண்ணாடியில் பதிந்திருந்த தன் கையைப் பார்த்தாள். சாயம் போன துணிபோல வெளுத்திருந்தது. தோல், நகம், எல்லாம். அந்தப் பெண்ணின் கை அடர்த்தியாக, புதிதாக இருந்தது.

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. தினமும் அவள் சாயக்காரர்களிடம் சொன்ன சொல்.

“தேறாது.”

அவள் பின்னால் நகர்ந்தாள். பின்னங்காலில் ஏதோ இடித்தது. சுவர் இல்லை. ஸ்டூல். ஸ்டூலுக்குப் பின்னால் விளக்குப் பெட்டி. காலடியில் பதினாலு மாதத் தூசி.

கதவுக்கு ஓடினாள். சங்கிலி அந்தப் பக்கம் தொங்கியது. அந்தப் பக்கம் வெயில். அந்தப் பெண் அவளுடைய கைப்பையைத் தோளில் மாட்டினாள். செல்லில் மணி பார்த்தாள். பஸ்ஸைப் பிடிக்கிறவள்போல நடையை எட்டிப் போட்டாள்.

உள்ளே இருந்து அவள் கத்தினாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. சத்தம் வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு நேர்காணல் நடந்தது. கண் அபாரம் என்று அதிகாரி குறிப்பில் எழுதினார். திங்கட்கிழமை அந்தப் பெண் பணியில் சேர்ந்தாள். நாத்தனார் முதல் ஆளாக வாழ்த்து எழுதினாள். ஜூன் இரண்டாம் தேதி சாயத் தொழிற்சாலைக் கட்டடம் இடிக்கப்பட்டது. எல்லா அறைகளையும் பார்த்தாயிற்று, உள்ளே எவரும் இல்லை என்று ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகே இயந்திரங்கள் உள்ளே போயின.