கிரனாடா மண்டபத்துக்கு ஒரு ஸலாம்

அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஈரச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. பழைய காகிதம் எப்படி மணக்கும் என்று ருக்கையாவுக்குத் தெரியாதா என்ன? கல்யாணமான நாள்முதல் பைண்டிங் பசையோடுதான் குடித்தனம். இது சற்றுமுன் பூசிய சுவரின் வாசம்.

புத்தகம் ஒரு துரையுடையது. ஸ்பெயின் தேசத்தில் முஸ்லிம் ராஜாக்கள் கட்டிவிட்டுப் போன அரண்மனைகளைத் தூண் தூணாக, வளைவு வளைவாக வரைந்து அச்சடித்திருந்தார்கள். தையல் விட்டுப்போய், சிராங்கூன் சாலையில் அவள் புருஷன் அப்துல் முத்தலிப் பைண்டிங் போடும் மாடிக்கு வந்து சேர்ந்தது.

ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்வது அவர்கள் வழக்கம். அந்தப் பக்கத்திலிருந்த கிரனாடா மண்டபத்தின் படத்தை முதலில் விரித்தபோது முத்தலிப் விளையாட்டாக அதற்கும் ஒரு ஸலாம் சொன்னான். உள்ளேயிருந்து பதில் வந்தது. அதோடு விட்டதா? மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அதுவே முந்திக்கொண்டு ஸலாம் சொன்னது. இவனும் பதில் சொன்னான். தினமும் இதே கதை. ஒவ்வொரு பதிலுக்கும் அவன் குரல் தேய்ந்தது. மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருவில் போகிற ரிக்‌ஷா நிற்கும், அப்படிப்பட்ட குரல்.

"இன்னைக்கு வாயைத் திறக்காதீங்க," என்றாள் ருக்கையா.

"ஸலாமுக்குப் பதில் சொல்லலைன்னா குத்தம், புள்ளே." காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்டது.

"மனுசங்க சொன்னா சொல்லுங்க. இது உங்க தொண்டையைத் திருடுது. நான் குடுக்க மாட்டேன்."

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுந்த மழையும், கீழே மாட்டுவண்டிச் சக்கரம் சேற்றில் இழுபடும் சத்தமும், பசைச்சட்டியின் புளித்த வாடையும் கலந்து கிடந்த அந்த அறைக்குள், மெதுவாக, படத்திலிருந்து குளிர் இறங்கியது. பிறகு ஸலாம். கணீரென்று. முத்தலிப்பின் பழைய குரலில்.

அவளருகே நின்ற அவன் உதடு அசைந்தது. சத்தமே இல்லை.

ருக்கையாவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. புத்தகத்தை அறைந்து மூடினாள். குத்தூசியை எடுத்து மெழுகு நூலைக் கோத்தாள். ஏட்டோடு ஏட்டைச் சேர்த்துத் திறக்கும் விளிம்பில் குத்தினாள்.

"ருக்கையா, வலிக்குது," என்றது உள்ளிருந்த குரல்.

"நடிக்காதே."

அடுத்த தையல். அடுத்தது. பின்னாலிருந்து முத்தலிப்பின் கை அவள் தோளைப் பிடித்து இழுத்தது. "பயப்படாதீங்க, முடிஞ்சிருச்சு," என்றாள். இழுத்தது. நகம் பதிந்தது. அவள் நிறுத்தவில்லை. உள்ளே குரல் முனகியது. அடங்கியது.

முடிச்சுப் போட்டாள். ஜெயித்துவிட்ட மூச்சோடு திரும்பினாள்.

முத்தலிப்பின் உதடுகள் தைக்கப்பட்டிருந்தன. மெழுகு நூல். அவள் கைத்தையல். நெருக்கமாக, ஒழுங்காக. மோவாயில் ரத்தம்.

அவள் அலறவில்லை. கத்திரியை எடுத்தாள். அவன் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு முதல் தையலை வெட்டினாள். மேசையில் புத்தகத்தின் விளிம்பிலும் ஒரு தையல் அறுந்தது. அந்த இடுக்கில் சுண்ணாம்பு படிந்த நான்கு விரல்கள் வெளியே வந்து மேசையைத் தடவின.

"வா," என்றாள் ருக்கையா. "உன்னையும் பாத்துக்கறேன்."

கத்திரியை அவன் உதட்டின் இரண்டாவது தையலில் வைத்தாள்.