ஒற்றைச் செருப்பு

அன்று காலையும் அந்த வீட்டில் ஒரு ஷூ காணாமல் போயிருந்தது.

ஜோடியாகப் போயிருந்தால் திருடன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். போனது இடது கால் ஷூ மட்டும். வலது காலில் பாலிஷ் போட்ட ஷூவும் இடது காலில் வெறும் சாக்ஸுமாக, வீட்டுக்காரர் கூடத்தில் நொண்டியடித்துக்கொண்டிருந்தார். அவர் பஸ் டிரைவர். புதிதாகச் சேரும் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்காக அன்று டிப்போவுக்கு மேலதிகாரி வருகிறார். அந்த வேலை மேல் டிரைவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"என் ஷூவ எங்க வெச்ச?" என்று மனைவியைக் கேட்டார்.

"துடைக்கலாம்னு எடுத்தேன்ங்க... எங்க வெச்சேன்னு ஞாபகம் வரல."

பச்சைப் பொய். அவள் அந்த ஷூவைத் தொடவே இல்லை. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள் அவள். தெருவில் தையக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருடைய சட்டையில் எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் மட்டும் மறதிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

டிரைவரின் அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். தாய் தகப்பன் போன பிறகு, சலவைக் கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டு டிரைவரையும் சின்னத் தம்பியையும் ஆளாக்கியவள். தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட, இப்போது வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைப்பதே அபூர்வம். ஆனால் வாய்க்கு எந்த வலியும் இல்லை.

"இந்த வீட்ல எல்லார் ஷூவும் காணாமப் போகுது. என் செருப்பு மட்டும் போட்ட எடத்துலயே கிடக்கு. ஏன்னு யாராவது யோசிச்சீங்களா? என்கிட்ட பயம் இருக்கு, அதான்" என்றாள்.

சொல்லும்போது அவள் கண் தம்பியின் பிள்ளைகள் இருவர் மேலும் போய் நின்றது. இரண்டு பேரும் மேசையில் தலைகுனிந்து பாலில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயது, ஐந்து வயது. சொந்த அண்ணன் தம்பி. போன மழைக்காலத்தில்தான் சட்டப்படி இந்த வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். பெரியவனுக்கு வக்கீல் என்று அத்தைதான் பெயர் வைத்தாள். தம்பியை எது கேட்டாலும் பதில் அண்ணன் வாயிலிருந்துதான் வரும். சின்னவன் பொடியன். அவன் எடையைவிட அவன் புத்தகப்பையின் எடை அதிகம்.

வேறு வழியில்லாமல் டிரைவர் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு டிப்போவுக்கு ஓடினார்.

தையக்காரம்மாவுக்கு விஷயம் தெரியும். பிள்ளைகள் வந்த புதிதில் முதலில் காணாமல் போனது அவள் செருப்புதான். நூல் வாங்கக் கடைக்குக் கிளம்பினால் ஒரு கால் இருக்கும், மறு கால் இருக்காது. ஒருநாள் அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் கணவரின் செருப்பையும் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நூல் கடைக்காரர், "புது பேஷனாம்மா?" என்று சிரித்தார். அவளும் ஆமாம் என்று சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் மாவு டப்பாவுக்குள் அந்தச் செருப்பைக் கண்டெடுத்தபோது, வக்கீல் அவளைத் தனியாக அழைத்துக் காரணத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையை நீட்டினான். அவள் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். அதற்குப் பிறகு எது தொலைந்தாலும் பழி அவளுடையது. குட்டக் குட்டக் குனிபவளும் முட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தலைகுனிந்து நின்றவளைப் பார்த்தால் எனக்கு எழுந்து நிற்கத்தான் தோன்றுகிறது.

மத்தியானம் டிரைவர் திரும்பி வந்தார். அதிகாரி அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம், காலைத்தான் பார்த்தாராம். சீருடையைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவர் மற்றவர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பார் என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

அதே நேரம் பார்த்து, துணி போட வாஷிங் மெஷினைத் திறந்த அக்காவின் கையில் அந்த ஷூ அகப்பட்டது. அதற்குள் பொடியனின் சிவப்பு பொம்மைக் கார், காவலுக்கு நிறுத்தியது மாதிரி நின்றிருந்தது.

அக்கா ஷூவைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

"துடைக்க எடுத்தேன்னியே... துடைக்கிறவ உள்ள பொம்மையையும் வெப்பியாம்மா?"

"அண்ணி... நான்தான் தெரியாம..."

"போதும். அவன் திருடறான், நீ மூடி மறைக்கற. நீ பெத்து வளத்திருந்தா, எங்க அடக்கணும், எங்க கொஞ்சணும்னு தெரிஞ்சிருக்கும்."

அந்த ஒரு வார்த்தையில் தையக்காரம்மா அப்படியே நின்றுவிட்டாள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் அண்ணியின் வாய் அடைபட்டுவிடும். ஆனால் கதவோரம் நின்ற வக்கீலின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. அவள் வாயைத் திறக்கவில்லை.

"உனக்கு அக்கா வேணுமா, இந்தப் பொய் வேணுமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றாள் அக்கா தம்பியிடம். டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி தன்னை வளர்த்தவள். இன்னொருத்தி தன்னோடு வாழ்பவள். அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த மௌனத்தை அக்கா பதிலாக எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் பெட்டி தயாராகிவிட்டது. சின்னத் தம்பி வீட்டுக்குப் போகப்போகிறாளாம். தையக்காரம்மா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். நீங்கள் போனால் இந்த வீடு வீடாக இருக்காது என்றாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்து, செருப்பு அடுக்கின் அடித்தட்டைக் குனிந்து பார்த்தாள்.

தூசி படிந்த செருப்பில் ஒன்றுதான் இருந்தது. இடது காலைக் காணவில்லை.

"பாத்தியா! போகும்போதுகூடக் கேலி பண்றான்" என்றவள், வலது செருப்பை மட்டும் காலில் மாட்டிக்கொண்டு அப்படியே படியிறங்கப் போனாள். கண்ணில் நீர் முட்டியது.

மூலையில் பொடியன் புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வக்கீல் வந்து அத்தையின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"அம்மா பொய்க்காரி இல்ல அத்த."

தையக்காரம்மா நிமிர்ந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் அவளை "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டு வந்தான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சொன்னா எங்கள திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயம். தம்பி திருடல அத்த. முன்ன எங்கள வெச்சிருந்த அம்மா, கடைக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாங்க, வரவே இல்ல. அன்னிக்கி அவங்களுக்குச் செருப்ப எடுத்துக் குடுத்தது இவன்தான். ஒரு செருப்பு இல்லன்னா யாராலயும் போக முடியாதுன்னு நினைக்கறான்."

டிரைவர் சீருடைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா சுவரைப் பிடித்தபடி மெதுவாகப் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"அப்படின்னா... என் செருப்ப மட்டும் ஏன்டா இத்தன நாள் எடுக்கல? நான் போனா போகட்டும்னுதானே?" கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

பொடியன் அண்ணனைப் பார்த்தான். இந்தத் தடவை வக்கீல் பதில் சொல்லவில்லை. அவனே சொல்ல வேண்டியதாயிற்று.

"நீங்கதான் எங்கயுமே போகமாட்டீங்களே அத்த."

அக்கா உடைந்து அழுதாள். தம்பிகளைக் கரையேற்றக் கடையில் கால் கடுக்க நின்ற வருஷங்களில்கூட அவள் அப்படி அழுததில்லை. போகமாட்டாள் என்று தன்னை மட்டும் முழுசாக நம்பிய பிள்ளையைத் தாண்டித்தானா படியிறங்கப் பார்த்தோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கை நீட்டித் தம்பி மனைவியைப் பக்கத்தில் இழுத்தாள். "பெத்து வளத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு சொன்னேனே... என் நாக்கு அழுகிப் போக. இவ்வளவையும் கேட்டுக்கிட்டு வாயத் தொறக்காம நின்னியேம்மா. உன்ன மாதிரி எவ இருப்பா?"

"சத்தியம் பண்ணிட்டேன் அண்ணி" என்றாள் தையக்காரம்மா. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். வக்கீல் நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினான். விலகிப் போக மட்டும் அவனுக்கு மனசில்லை.

டிரைவர் மனைவியின் தலையில் கை வைத்தார். பயிற்சி வேலை போனால் போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். மேசை மேலிருந்த ஷூவிலிருந்து சிவப்புக் காரை எடுத்துப் பொடியனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். பையை மட்டும் விடவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காலில் கிடந்த வலது செருப்பைக் கழற்றினாள்.

"ஒண்ண வெச்சுக்கிட்டா போதுமாடா? நொண்டிக்கிட்டே ஓடிட்டா என்ன பண்ணுவ? இந்தா, இதையும் உள்ள வை."

பொடியன் சந்தேகத்தோடு அவளைப் பார்த்தான். பிறகு பையைத் திறந்து அதையும் வாங்கித் திணித்தான். இரண்டு செருப்பும் சேர்ந்ததும் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. தையக்காரம்மா குனிந்து, புடைத்திருந்த இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடிக் கொடுத்தாள்.