கேட்பு 611

அடியம் 91 காலையிலேயே வந்து சேர்ந்தது. செல்வின் அதை நிகரியில் ஏற்றி ஓடவிட்டான். பதினொன்றாவது நிமிடத்தில் நின்றுபோனது. கேட்பு 611 என்றால் என்னவென்று நிகரிக்குத் தெரியவில்லை.

சனியின் நிலவான டைட்டனில் ஒரு நிலையம் இருக்கிறது. அதன் காற்று, சூடு, கதவு எல்லாவற்றையும் ஆளும் கணினி நிரல்தான் அடியம்; 91 அதன் பதிப்பு எண். எந்தக் கருவிக்கு எது வேண்டுமானாலும் அடியத்திடம்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கேட்புக்கும் ஓர் எண். அங்கே வசிப்பவரின் தேவையைப் பார்த்து அடியம் தன்னைத்தானே திருத்தி எழுதும், புதிய கேட்புகளைச் சேர்க்கும். ஆனால் சேர்த்ததைப் புழக்கத்துக்குக் கொண்டுவரச் சான்று வேண்டும். நிலையத்தின் அச்சு அசலான போலிதான் தூத்துக்குடியில் இருக்கும் நிகரி. அது முதலில் ஓடிப் பார்க்கும். ஓடி முடித்தால் சான்றும், அதோடு ஒரு பதில் பட்டியலும் போகும். பூமி சொல்ல வேண்டிய பதிலை நிலையம் அந்தப் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளும். ஒரு செய்தி போக எண்பது நிமிடம், வர எண்பது நிமிடம். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தால் பிழைப்பு நடக்காது.

அடியம் மாற மாற நிகரியையும் மாற்றிக்கொண்டே இருப்பது செல்வினின் வேலை. முன்பு நான்கு பேர் செய்தார்கள். இப்போது அந்தக் கூடத்தில் அவனும் குளிர்சாதனத்தின் இரைச்சலும் மட்டும்.

தெரியாத கேட்பு வந்தால் அது என்ன செய்கிறது என்று தோண்டிப் பார்த்து நிகரிக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மூன்று நாள் ஆகும். இல்லாவிட்டால் 'ஆயிற்று' என்று ஒரு பதிலை எழுதிவிடலாம். கேட்ட கருவி அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். ஓர் எச்சரிக்கை மட்டும் பதிவாகும். அதை யாரும் படிப்பதில்லை. ஆறு ஆண்டுகளில் செல்வின் நானூற்றுப் பன்னிரண்டு 'ஆயிற்று' எழுதியிருக்கிறான். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

மேலதிகாரி பரிமளா அழைத்தாள். "சான்று போச்சா செல்வின்?"

"ஒரு கேட்பு இடிக்குது மேடம்."

"வழக்கமா போடறதைப் போட்டு அனுப்புங்க. அங்க இருக்கிறது ஒரே ஒரு ஆளு. அதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?"

"இங்கயும் ஒரே ஆளுதான் மேடம்."

"அப்ப ரெண்டு பேருமா சமாளிச்சுக்கோங்க."

'ஆயிற்று' என்று எழுதினான். நிகரி ஓடி முடித்தது. சான்று கிளம்பியது. நாற்பது நிமிடம் கழித்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, மெர்லினின் குறிப்பைத் திறந்தான்.

ஒவ்வொரு அடியத்தோடும் அந்த நிலையத்தின் ஒரே ஆளான மெர்லின் நாலு வரி எழுதி அனுப்புவாள். உடன்குடிக்காரி. அவன் அவளைப் பார்த்ததில்லை. அந்த நாலு வரியை அவன் சாப்பாட்டு நேரம்வரை தொடமாட்டான். தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"அண்ணே, சாப்பிட உக்காந்துட்டீங்களா? போன வாரம் கிடங்குல ஏணியில இருந்து விழுந்துட்டேன். கால் முறிஞ்சு ரெண்டு நாள் அங்கயே கெடந்தேன். அடியம் காத்து குடுத்துச்சு, சூடு குடுத்துச்சு. என்ன ஏதுன்னு கேக்கத்தான் நாதியில்ல. அதான் 611ஐ எழுத வச்சேன். நான் ஆறு மணி நேரம் அசையலைன்னா அது பூமியைக் கேக்கும். அங்க ஒரு மனுஷன் பாத்து, பக்கத்து நிலையத்துல இருந்து ஆளனுப்பணும். இதுக்கு மட்டும் 'ஆயிற்று' போட்டுராதீங்க அண்ணே. ஆள் வருதுன்னு நம்பிக்கிட்டே செத்துப்போவேன்."

சோற்றுக் கையோடு எழுந்தான். கிளம்பிப்போன சான்றை விரட்டிப் பிடிக்க இந்த உலகத்தில் எதுவும் இல்லை. பட்டியலில் 611க்கு எதிரே இருந்ததை அழித்தான். கேட்பு நேராகத் தன் கைப்பேசிக்கு வரும்படி எழுதித் திருத்தத்தை அனுப்பினான். சான்றுக்கு நாற்பது நிமிடம் பின்னால் அது போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சோறு காய்ந்துபோனது.

மூன்று மணிக்கு அடியம் 92 வந்தது. இந்த முறை குறிப்பைத்தான் முதலில் திறந்தான்.

"அண்ணே, சான்று வந்ததும் சோதிச்சுப் பாத்தேன். ஆறு மணி நேரத்தை ஆறு நிமிஷமாக்கிட்டு, கிடங்குலயே போய் அசையாம படுத்துக்கிட்டேன். பூமியில இருந்து ஒரே நொடியில பதில். ஒளியே அவ்வளவு வேகமா வராதே! உங்களைக் குத்தம் சொல்லல. யாரோ வராங்கன்னு கெடக்கறதுக்கு, யாரும் வரலைன்னு தெரிஞ்சே கெடக்கலாம். 611ஐ எடுத்துட்டேன். எடுக்கறதுக்குச் சான்று வேண்டாம்ல. இனிமே எதுவும் மாறாதபடி அடியத்தையும் பூட்டிட்டேன். உங்களுக்கும் வேலை மிச்சம்."

பதில் எழுத விசைப்பலகையை இழுத்தான். மெர்லினுக்கு அவன் எழுதச் சான்றில் மட்டும்தான் இடம்; எச்சரிக்கை இருந்தால்தான் அதுவும் திறக்கும். அதற்குள் நிகரி 92ஐ ஓட்டி முடித்திருந்தது. தெரியாத கேட்பு ஒன்றுகூட இல்லை. ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக எச்சரிக்கையே இல்லாத ஓட்டம். குறையில்லாத ஓட்டத்துக்கு ஆள் தேவையில்லை. சான்று தானாகவே கிளம்பிப் போயிருந்தது.

இருபது நிமிடத்தில் அவன் அனுப்பிய திருத்தம் திரும்பி வந்தது. அப்படி ஒரு கேட்பு தன்னிடம் இல்லை என்று நிலையம் சொல்லியிருந்தது.

பரிமளாவை அழைத்தான். அவள் முந்திக்கொண்டாள். "சாதிச்சுட்டீங்க செல்வின்! முழுசா ஒத்துப்போச்சாமே, மேலிடத்துல ஒரே பாராட்டு."

"மேடம், அந்தப் பொண்ணுக்குக் கால் முறிஞ்சிருக்கு. பக்கத்து நிலையத்துல இருந்து ஆளனுப்பணும்."

"நிலையம் கேட்டுச்சா?"

"இல்ல. கேக்கறதை அவளே எடுத்துட்டா."

"நிலையம் கேக்காம எப்படிப்பா அனுப்ப முடியும்?" அவள் குரலில் கோபம் இல்லை. "அங்க ஒரு குறையும் இல்லைன்னு உங்க பேர்லதானே சான்று போயிருக்கு?"